யார் கை முழம்?

சின்னாளபட்டிச் சேலையைக் கடைக்கு நேரில் வந்து எடுப்பவர்கள் மட்டும் வாங்கிய காலம் போய்விட்டது. புதுச் சரக்கு வந்த அன்றே மடித்து வைத்து ஒரு படம், பிரித்துப் போட்டு ஒரு படம், முந்தானை மட்டும் ஒரு படம் என்று எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். கோவையிலோ சென்னையிலோ இருக்கும் ஓர் அக்கா படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார். பார்சலைப் பிரித்ததும் குரல் செய்தி வருகிறது: "தம்பி, போட்டோவுல அரக்குக் கலரு. வந்திருக்கிறது செங்கல் கலரு. மாத்தி அனுப்பிட்டீங்களா?" மாற்றி எல்லாம் அனுப்பவில்லை. படம் எடுத்த அதே சேலைதான்.

திண்டுக்கல் ஊருக்குள் கல்யாண ஸ்டுடியோக்களில் புலம்பல் வேறு மாதிரி. "அண்ணே, கம்ப்யூட்டர்ல காட்டினப்ப பளிச்சுன்னு இருந்துச்சு. ஆல்பத்துல எல்லாம் இருண்டு கெடக்கே?" ஸ்டுடியோக்காரர் லேபைச் சொல்வார், லேப்காரர் ஃபைலைச் சொல்வார், டிசைனர் மானிட்டரைச் சொல்வார். கடைசியில் 'கலர் பிரச்சினை' என்று பொதுவாக ஒரு பெயர் வைத்து எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

தொல்லை அந்தப் பொதுப் பெயரில்தான் இருக்கிறது. அதற்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்கிற வழி மற்றொன்றைக் கெடுக்கும். பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் முக்கால்வாசிக் கோளாறுகளுக்குக் காசு செலவில்லாமலே வழி இருக்கிறது.

படத்தின் ஃபைலுக்குள் நிறம் என்று எதுவும் கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று மூன்று எண்கள், சாதாரண ஜேபெக் ஃபைலில் 0 முதல் 255 வரை. சிவப்பு 255, மற்ற இரண்டும் 0 என்றால் முழுச் சிவப்பு. சரி, எந்தச் சிவப்பு? செம்பருத்தியா, குங்குமமா, மிளகாய்ப் பழமா? அதை எண் சொல்லாது.

திண்டுக்கல் பூ மார்க்கெட் வாசலில் மல்லிகைச் சரம் வாங்கியவர்களுக்கு இது புதிதில்லை. நாலு முழம் கேட்கிறோம், நாலு முழம் அளந்து கொடுக்கிறார்கள். நெட்டையான ஆள் அளந்த நாலு முழமும் குட்டைக் கைப் பாட்டி அளந்த நாலு முழமும் ஒன்றாகுமா? எண்ணிக்கை ஒன்று, நீளம் வேறு. 'நாலு' என்பதோடு 'யார் கையால்' என்பதும் தெரிந்தால்தான் சரத்தின் நீளம் தெரியும். படத்தோடு ஒட்டி வரும் கலர் புரொஃபைல் என்பது இந்த 'யார் கையால்' என்ற குறிப்புத்தான். ஃபைலின் ஓரத்தில் பெரும்பாலும் சில கிலோபைட் அளவில் உட்கார்ந்திருக்கும். இருப்பதே பலருக்குத் தெரியாது.

கைகள் பலவிதம் என்றால் எல்லாவற்றையும் ஒப்பிட ஒரு மீட்டர் கோல் வேண்டுமே? அது 1931-லேயே வந்துவிட்டது. மனிதக் கண் நிறத்தை எப்படிப் பார்க்கிறது என்று பலரை வைத்து நடந்த சோதனைகளைக் கொண்டு, சர்வதேச ஒளியூட்டல் ஆணையமான சிஐஇ ஓர் அளவுமுறையை வகுத்தது. ஒரு கருவியின் '255 சிவப்பு' அந்த அளவுகோலில் எந்த இடத்தில் விழுகிறது என்று எழுதி வைப்பதே புரொஃபைலின் வேலை. அதை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பதற்காக 1993-இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் முதலியவை கூடி ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கின. புரொஃபைல் ஃபைல்களை ஐசிசி ஃபைல் என்று சொல்வது அதனால்தான்.

நடைமுறையில் நம் கண்ணில் படும் கைகள் மூன்று. முதலாவது எஸ்ஆர்ஜிபி. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் அந்தக் காலத்துக் குழாய் மானிட்டர்களை மனதில் வைத்து முன்வைத்தது. 1999-இல் சர்வதேசத் தரமாகவே ஆகிவிட்டது. இணையம், சாதாரண மானிட்டர், பெரும்பாலான போட்டோ லேப் மிஷின்கள் எல்லாம் எதிர்பார்ப்பது இதைத்தான். இரண்டாவது, 1998-இல் அடோபி கொண்டுவந்த அடோபி ஆர்ஜிபி. அச்சு மையில் கிடைக்கும் சில பச்சைகளும் பசுநீலங்களும் எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்கவில்லை என்பதால் அகலமாக வகுக்கப்பட்டது. மூன்றாவது ஆப்பிளின் டிஸ்பிளே பி3. 2015-இல் ஐமேக்கிலும் 2016-இல் ஐஃபோன் 7-லும் வந்தது. இன்றைய நல்ல ஃபோன் திரைகள் பலவும் ஏறக்குறைய அந்த அகலம்தான்.

எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என்று எழுதப்படும் அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் 219, 0, 0 என்று எழுத வேண்டும். கை நீளம் என்பதால் முழம் குறைகிறது. எஸ்ஆர்ஜிபியின் முழுப் பச்சையான 0, 255, 0 அங்கே 144, 255, 60 ஆகிவிடும். இப்போது அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்திலிருந்து யாரோ புரொஃபைலைக் கழற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். 219 என்ற எண்ணைப் பார்க்கும் சாதாரணச் செயலி அதை எஸ்ஆர்ஜிபியின் 219 என்றே எடுத்துக்கொள்ளும். சிவப்பு மங்கும். ஒரு சேலை முழுக்க, ஒரு கல்யாண மேடை முழுக்க இப்படி மங்கினால் வெயிலில் கிடந்த போஸ்டர் போலத் தெரியும். டிசைனர் உடனே 'சாச்சுரேஷன்' ஏற்றுவார். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிறம் குறையவில்லை, குறிப்புத்தான் தொலைந்தது. சாச்சுரேஷனை ஏற்றியபின் குறிப்பு கிடைத்தால் முகமெல்லாம் மிளகாய்ப் பொடி பூசினதுபோல் ஆகும்.

படத்தின் புரொஃபைல் ஒன்று, திரையின் புரொஃபைல் இன்னொன்று. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. உங்கள் மானிட்டருக்கும் ஒரு கை உண்டு; 255 சிவப்பு என்று சொன்னால் அது எவ்வளவு சிவப்பைக் கொட்டும் என்பது மானிட்டருக்கு மானிட்டர் மாறும். படத்தின் குறிப்பைப் படித்து, திரையின் குறிப்பையும் படித்து, இடையில் கணக்குப் போட்டு எண்களை மாற்றி அனுப்ப வேண்டியது படத்தைத் திறக்கும் செயலியின் பொறுப்பு. ஃபோட்டோஷாப், லைட்ரூம், ஜிம்ப் போன்றவை இரண்டையும் படிக்கின்றன. சில செயலிகள் படத்தின் குறிப்பை மட்டும் படித்துத் திரையைக் கண்டுகொள்வதில்லை. சில எதையும் படிக்காமல் எண்களை அப்படியே திரையில் கொட்டுகின்றன. ஆப்பிள் கணினிகளில் இந்தக் கணக்கின் பெரும்பகுதியை இயங்குதளமே போட்டுக்கொடுக்கிறது. விண்டோஸ் அதை வெகுகாலம் அந்தந்தச் செயலியின் தலையிலேயே கட்டிவிட்டது. ஒரே மேசையில், ஒரே மானிட்டரில், ஒரே படம் இரண்டு ஜன்னல்களில் இரண்டு நிறத்தில் தெரிவது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய சாதாரண மானிட்டர் ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபி அளவிலேயே இருக்கும் என்பதால் எந்தச் செயலியும் கணக்குப் போடாவிட்டாலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எஸ்ஆர்ஜிபியைவிட அகலமாக நிறம் காட்டும், 'வைட் கேமட்' என்று போட்ட விலை கூடின மானிட்டரை வாங்கி மாட்டிய மறுநாள்தான் ஸ்டுடியோவில் சண்டை ஆரம்பிக்கும். கணக்குப் போடாத செயலியில் மணமகள் முகம் சிவந்து, புல் விஷப் பச்சையாகும். ஃபோட்டோஷாப்பில் திறந்தால் அமைதியாக இருக்கும். 'ஃபோட்டோஷாப் கலரைக் குறைக்கிறது' என்று மானிட்டர் வாங்கினவர் முடிவு கட்டுவார். உள்ளதைச் சொல்வது ஃபோட்டோஷாப்தான்.

பிரவுசர்களும் இன்று பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்துகொள்கின்றன. ஆனால் புரொஃபைல் ஒட்டாத படத்தை எப்படி நடத்துவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் வெகுகாலமாகத் தன் இயல்பு அமைப்பில் புரொஃபைல் ஒட்டிய படங்களுக்கு மட்டுமே கணக்குப் போட்டு வந்தது. ஒட்டாதவற்றை அப்படியே விட்டுவிடும். ஆகவே படத்தை வெளியே அனுப்பும்போது அது எஸ்ஆர்ஜிபியாகவே இருந்தாலும் புரொஃபைலை ஒட்டி அனுப்புங்கள். 'எஸ்ஆர்ஜிபிதானே, எதற்கு' என்று மூன்று கிலோபைட்டை மிச்சம் பிடிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகமும் வெள்ளை வேட்டியும் நல்ல சிவப்பும் உள்ள படமாக இருந்தால் நல்லது. அதை ஒரே மானிட்டரில் ஃபோட்டோஷாப் அல்லது ஜிம்ப், ஒரு பிரவுசர், கணினியோடு வந்த படம் பார்க்கும் செயலி மூன்றிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே திரையில் மூன்றும் மூன்று விதமாக இருந்தால் கோளாறு புரொஃபைலிலோ செயலியிலோ இருக்கிறது. மூன்றும் ஒத்திருந்து அடுத்த மேசைக் கணினியில் மட்டும் வேறாகத் தெரிந்தால் திரையைப் பாருங்கள். எல்லாத் திரையிலும் ஒன்றாகவே தெரிந்து, கையிலிருக்கும் சேலையோடு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கேமராவும் விளக்கும் பதில் சொல்ல வேண்டும். புரொஃபைலை நோண்டுவதில் பயனில்லை.

விண்டோஸ் கணினிகளில் அடிக்கடி நடப்பது ஒன்று. பழைய விண்டோஸ் போட்டோ வியூவரில் படத்தைத் திறந்தால் வேட்டி, சுவர், காகிதம் எல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கும். வேறு சில செயலிகளில் அதே படம் வெள்ளையாக இருக்கும். ஆள் பயந்துபோய்ப் படத்தின் மஞ்சளை நீக்க ஆரம்பித்துவிடுவார். படத்தில் மஞ்சளே இல்லை. மானிட்டர் தயாரிப்பாளரின் டிரைவரோடு வந்து சேர்ந்த கோளாறான திரைப் புரொஃபைல் ஒன்றை அந்த வியூவர் ஒழுங்காகப் படித்துத் தொலைக்கிறது. படிக்காத செயலிகளில் கோளாறு வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். கண்ட்ரோல் பேனலில் 'கலர் மேனேஜ்மென்ட்' என்ற பகுதியைத் திறந்தால் எந்த மானிட்டருக்கு எந்தப் புரொஃபைல் என்ற பட்டியல் இருக்கும். தயாரிப்பாளர் புரொஃபைலை எடுத்துவிட்டு எஸ்ஆர்ஜிபியை இயல்பாக வைத்து, வியூவரை மூடித் திறந்தால் வேட்டி வெளுத்துவிடும். வைட் கேமட் மானிட்டருக்கு மட்டும் இந்தக் குறுக்கு வழி ஆகாது. அதற்கு அளந்து எடுத்த புரொஃபைல்தான் வேண்டும்.

கேமராவிலும் ஒரு பொறி இருக்கிறது. மெனுவில் கலர் ஸ்பேஸ், அதாவது நிறவெளி, என்ற இடத்தில் எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். 'அகலம்தானே நல்லது' என்று பலர் இரண்டாவதைத் தொட்டுவிடுகிறார்கள். அது ஜேபெக்குக்கு மட்டுமே பொருந்தும். ரா ஃபைலில் எடுப்பவர்களுக்கு அந்தத் தேர்வால் ஒன்றும் ஆகாது. அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தின் ஃபைல் பெயர் வழக்கமாக ஓர் அடிக்கோட்டோடு தொடங்கும். மெமரி கார்டைத் திறந்தவுடன் அதை வைத்தே சொல்லிவிடலாம். கேனன் கேமராக்களின் கையேடுகள், அப்படி எடுத்த ஜேபெக்கில் ஐசிசி புரொஃபைல் ஒட்டப்படுவதில்லை என்றே எழுதியிருக்கின்றன. புரொஃபைல் இல்லாமல், ஃபைலின் உள்குறிப்பில் ஓர் அடையாளம் மட்டும் இருக்கும். அந்த அடையாளத்தைச் சில செயலிகள் படிக்கும், சில படிக்காது. கல்யாணத்துக்கு இரண்டு பேர் இரண்டு கேமராவில் எடுத்து, ஒருவர் படம் மட்டும் ஆல்பத்தில் சோகையாக வருவதற்கு இது ஒரு காரணம். ஜேபெக்கில் எடுத்து நேரே லேபுக்கு அனுப்புகிறவர்கள் கேமராவை எஸ்ஆர்ஜிபியிலேயே விட்டுவிடுவது உத்தமம். அகலமான நிறவெளி தேவை என்று தெரிந்து கேட்பவருக்குத்தான் அது தேவை.

ஃபோட்டோஷாப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டளைகள்தான் அதிகச் சேதம் செய்கின்றன: 'அசைன் புரொஃபைல்', 'கன்வர்ட் டு புரொஃபைல்'. கன்வர்ட் என்பது சரத்தை வேறொருவர் கையால் மறுபடி அளப்பது: எண்ணிக்கை மாறும், நீளம் அப்படியே இருக்கும். அசைன் என்பது எண்ணிக்கையைத் தொடாமல் 'இது இவர் கை முழம்' என்று சீட்டை மட்டும் மாற்றி ஒட்டுவது: எண் அப்படியே இருக்கும், நிறம் மாறிவிடும். சீட்டே இல்லாமல் வந்த படத்துக்கு, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு ஒரு முறை அசைன் செய்யலாம். மற்ற எல்லா நேரத்திலும் வேண்டியது கன்வர்ட்தான். 'அசைன் போட்டதும் கலர் தூக்கலா வருது' என்று அதையே வழக்கமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தூக்கலாக வருவது உண்மை. அடுத்த கணினியில் என்ன வரும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதே வகையில் இன்னொன்று: மானிட்டருக்கு எடுத்த புரொஃபைலைப் படத்தோடு ஒட்டி அனுப்புவது, அல்லது ஃபோட்டோஷாப்பின் வேலை நிறவெளியாக அதையே வைப்பது. கூடாது. மானிட்டர் புரொஃபைல் அந்த மேசையை விட்டு நகரவே கூடாது. படத்துக்கு எஸ்ஆர்ஜிபி, இல்லையென்றால் அடோபி ஆர்ஜிபி. அவ்வளவு போதும்.

திரையை அளக்கக் கலரிமீட்டர் என்று உள்ளங்கை அளவில் ஒரு கருவி விற்கிறது. திரையின்மேல் தொங்கவிட்டால் கணினி வரிசையாகச் சில நிறங்களைக் காட்டும், கருவி ஒவ்வொன்றையும் அளக்கும், முடிவில் அந்தத் திரைக்கென்றே ஒரு புரொஃபைல் எழுதிக் கொடுக்கும். கருவியோடு வரும் மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் ஆர்கில் சிஎம்எஸ், டிஸ்பிளேகால் போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு. மானிட்டர் நாளாக நாளாக மாறும் என்பதால் அவ்வப்போது மறுபடி அளக்க வேண்டும். ஒரு ஸ்டுடியோவுக்கு ஒன்று என்பது பலருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு கருவி எத்தனை திரையை வேண்டுமானாலும் அளக்கும். லென்ஸையும் லைட்டையும் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் திண்டுக்கல் ஸ்டுடியோக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இதையும் ஒன்று வாங்கிச் சுற்றில் விட்டால் என்ன?

'ஆல்பம் இருண்டுபோச்சு' என்ற புகாரைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதற்கும் புரொஃபைலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. கடையிலிருந்து வந்த மானிட்டர் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே திருத்தினால், திரை கொடுக்கும் வெளிச்சத்தை நம்பிப் படத்தை இருட்டாகவே விட்டுவிடுவோம். ஆல்பத்தின் தாள் தானாக ஒளி வீசாது. அறையில் இருக்கும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதோடு சரி. எஸ்ஆர்ஜிபித் தரமே திரை வெளிச்சத்தை 80 நிட் என்றுதான் வைத்திருக்கிறது. அச்சுக்கு வேலை செய்பவர்கள் 80-க்கும் 120-க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறார்கள். கருவி இல்லாதவர்கள் லேபில் போட்ட ஒரு நல்ல பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒக்கும்வரை திரையைக் குறைக்கலாம். முதல் நாள் திரை அழுது வடிவதாகத் தோன்றும், கண் பழகிவிடும். திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்', 'ஐ கம்ஃபர்ட்' போன்றவற்றை வேலை நேரத்தில் அணைத்து வையுங்கள்.

சிவகாசிக்குக் கேட்லாகோ காலண்டரோ போகிறது என்றால் கணக்கே வேறு. அங்கே நாலு மை, சிஎம்ஒய்கே. எந்தப் புரொஃபைலில் வேண்டும் என்று அச்சகத்தைக் கேட்டுவிட்டுத்தான் கன்வர்ட் செய்ய வேண்டும். கேட்காமல் நாமே மாற்றி அனுப்புவதைவிட எஸ்ஆர்ஜிபி ஃபைலைப் புரொஃபைலோடு கொடுத்து அவர்களையே மாற்றச் சொல்வது மேல்.

சேலைப் படத்துக்குத் திரும்பலாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தை மறுபடி சுருக்கி எழுதுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போய்ச் சேரும். குழுவில் போடுவதற்கு எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்த படம் போதும். பணம் கட்டப்போகிறவர் நிறத்தைப் பற்றித் திரும்பக் கேட்டால் டாக்குமென்டாக ஒன்று அனுப்பலாம். அப்படியும் அந்த அக்காவின் ஃபோன் நம் கையில் இல்லை. சாம்சங் ஃபோன்களில் திரை அமைப்பு 'விவிட்' என்றும் 'நேச்சுரல்' என்றும் இரண்டு விதம் உண்டு. விவிட்டில் இருந்தால் செங்கல் சிவப்பும் அரக்குப் பக்கம் நகரும். 'நேச்சுரல்ல வச்சுப் பாருங்கக்கா' என்று ஒரு வரி எழுதி அனுப்புவதில் தப்பில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் நிறம் பிடிபடாத சேலைகள் உண்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த மயில்கழுத்துச் சேலையில் நிறம் பார்க்கிற கோணத்தைப் பொறுத்தது; ஒரு படத்தில் ஒரு கோணம்தான் வரும். அடர்ந்த பசுநீலச் சாயங்கள் சில எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கே வெளியில் இருக்கின்றன. அப்படிப்பட்ட நிறத்தைச் செயலி எல்லைக்குள் இழுத்துத்தான் காட்டும், கொஞ்சம் சுரத்துக் குறைந்து. வாடாமல்லி நிறத்தைக் கண் பார்ப்பதுபோலக் கேமராவின் சென்சார் பார்ப்பதில்லை. போதாக்குறைக்குக் கடையின் எல்இடி விளக்கு. மலிவான விளக்கில் சிவப்பு குறைவு. அதன் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் வெயிலில் இரண்டாகப் பிரிந்துவிடும். ஜவுளிக் கடையில் நம் அம்மாக்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்ப்பார்களே, அது காரணத்தோடுதான். படம் எடுப்பவரும் அதையே செய்யலாம்: நேர் வெயில் படாத வாசல் வெளிச்சம், விளக்குகளை அணைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டை வைத்து முதல் படம். அந்த அட்டையை வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்து, அதையே மற்றப் படங்களுக்கும் போட வேண்டும். இரட்டைச் சாயல் சேலை என்றால் கையில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பி எடுத்த சின்ன வீடியோ ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், அரக்கா செங்கலா என்ற விசாரணை பணம் கட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும். கூரியர் செலவு மிச்சம்.